வேற்றுலக முல்லை

பள்ளிப்பட்டில் தீபாவளிச் சிறப்பு நிகழ்ச்சிகளைத் திட்டிக்கொண்டே முழுவதும் பார்த்து முடிப்பவர்கள் நாம். 'ஸ்டார் வார்ஸ்' விழாச் சிறப்பு நிகழ்ச்சியை ஏளனம் செய்யும் தகுதி நமக்கு இல்லை.

1977இல் வெளியான படத்தின் வெற்றிச் சூடு ஆறுமுன், 1978 நவம்பர் 17 அன்று அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சி இதை ஒளிபரப்பியது. உடலெங்கும் உரோமம் அடர்ந்த சூபாக்கா 'வாழ்வு நாள்' பண்டிகைக்கு வீடு திரும்ப வேண்டும்; மனைவியும் மகனும் முதிய தந்தையும் காத்திருக்கின்றனர். தொடக்கத்தில் நெடுநேரம் உறுமல்தான் உரையாடல். சப்டைட்டிலும் கிடையாது. எல்லோரும் நகைத்தது இதைத்தான். நமக்கோ முல்லைத் திணை நினைவுக்கு வந்தது. இல்லத்திலிருந்து வரவு நோக்கும் 'இருத்தல்' அல்லவா இது! நடுநடுவே பாட்டையும் சமையல் நகைச்சுவையையும் திணித்து அந்தக் காத்திருப்பைக் கொன்றார்கள் என்பதே நம் குறை.

ஜார்ஜ் லூகாஸ் இதை விரும்பவில்லை. மறுஒளிபரப்பு நடக்கவில்லை, முழு நிகழ்ச்சி முறையாக விற்பனைக்கும் வரவில்லை. போபா ஃபெட் தோன்றும் கார்ட்டூன் பகுதி மட்டும் 2021இல் டிஸ்னி பிளஸ்ஸில் வெளியானது. மற்றதையெல்லாம் காத்தவை, அன்று வீடுகளில் பதிவான வீடியோ நாடாக்கள்.

படைத்தவர் வெட்கப்படலாம், அதற்காக மறைத்துவிடலாமா? 1931இல் வந்த 'காளிதாஸ்' தமிழின் முதல் பேசும்படம். அதில் டி.பி. ராஜலட்சுமி தமிழில் பேச, நாயகன் தெலுங்கில் பதிலளித்தார் என்று வகுப்பில் சொன்னால் மாணவர்கள் சிரிக்கின்றனர். போட்டுக்காட்டத்தான் ஒரு பிரதியும் எஞ்சவில்லை. எவ்வளவு மோசமான படமாக இருந்தாலென்ன, யார் வீட்டுப் பரணிலாவது ஒரு சுருள் கிடக்கிறதென்று தெரிந்தால், நாளையே விடுப்பெடுத்துக் கிளம்பிவிடுவோம்.