கொடியை இறக்கிக் கட்டுவோம்

சென்ற முகூர்த்த நாளொன்றில் சின்னமனூரில் ஒரு விவாகத்திற்குப் போயிருந்தோம். பந்தி முடிந்து வந்தவர்கள் சந்தனத்தைத் தொட்டார்கள், கற்கண்டை எடுத்தார்கள், வெற்றிலையை மட்டும் பார்த்துவிட்டு நடந்தார்கள். இரண்டு பெரியவர்கள் ஆளுக்கொரு முறை தாம்பூலம் தரித்ததோடு சரி. தட்டு வந்தது போலவே உள்ளே திரும்பிற்று. அதைக் கண்ட நமக்கு ஊருக்கு வெளியேயுள்ள கொடிக்கால்களின் நினைவு வந்தது.

1895-இல் பெரியாற்று நீர் கிழக்கே திரும்பியது முதல் கம்பம் பள்ளத்தாக்கு நெல்லும் வாழையும் திராட்சையுமாகச் செழித்திருக்கிறது. இவற்றினிடையே அகத்தி நிழலில் வளரும் வெற்றிலை ஒரு செல்லக் குழந்தை. அதற்கு ஓயாமல் நீர் பாய்ச்ச வேண்டும். கட்டவும் கிள்ளவும் கைதேர்ந்த ஆள் வேண்டும். கிள்ளிய இலையோ சில தினங்களில் வாடிவிடும். கூலி ஏறுகிறது, மெல்லுவோர் குறைகின்றனர். விலையைக் குறைத்தால் விற்காதா என்பார் சிலர். மெல்லாதவன் பாதி விலைக்கும் வாங்கான் என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

மெல்லுங்கள் என்று நேயர்களைத் தூண்டவும் நமக்கு மனமில்லை. பாக்கு புற்றுநோய்க்குக் காரணமாகிறது என்றும், புகையிலை சேராத தாம்பூலமும் அத்தகையதே என்றும் உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிக் குழு 2004-இல் வெளியிட்ட நூலில் தீர்ப்புக் கூறிவிட்டது. சகவாச தோஷத்தால் வெற்றிலைக்குக் கெட்ட பெயர்!

பின் என்னதான் வழி? அதைக் கொடிக்காலே காட்டுகிறது. கொடி ஓராண்டில் ஏறக்குறைய 10 அடி ஏறிவிடும். அப்பால் வீரியம் குன்றி இலை சிறுக்கும். அனுபவசாலி அதை மேலும் ஏற்ற முயலுவதில்லை. பங்குனி வாக்கில் கீழே இறக்கிச் சுருட்டி, மண்ணில் பதித்து, நுனியை மீண்டும் அகத்தியில் கட்டுகிறான். வளைந்த கணுக்களிலிருந்து புதுக் கொடிகள் கிளம்புகின்றன. பழைய கொடிதான், ஆனால் புதிய வேர்.

அமெரிக்காவில் ஒரு சமையல் சோடா வியாபாரி செய்ததும் இதுவே. வீட்டில் ரொட்டி சுடும் வழக்கம் குறைந்து சோடா விற்பனை தளர்ந்தபோது, டப்பாவைத் திறந்து குளிர்பெட்டிக்குள் வைத்தால் துர்நாற்றம் போகும் என்று 1972-இல் விளம்பரம் செய்தார்கள். பண்டம் மாறவில்லை, வேலை மாறியது, விற்பனையும் உயர்ந்தது.

வெற்றிலைக்கும் அத்தகைய வேலைகள் உண்டு. அதன் மணம் ஓர் எண்ணெயில் அடங்கியிருக்கிறது. விலைபோகாத இலையிலிருந்து அதை வடித்தெடுக்கும் கருவியைக் காரக்பூர் ஐ.ஐ.டி. ஆராய்ச்சியாளர்கள் அமைத்திருக்கிறார்கள். இலை வாடும், எண்ணெய் காத்திருக்கும். சோழவந்தான் வெற்றிலையும் ஆத்தூர் வெற்றிலையும் 2023-இல் புவிசார் குறியீடு பெற்றன. ஊர்ப் பெயர் ஒரு மூலதனமே. ஆயினும் பெயர் மட்டும் வாங்குவோரைக் கொண்டுவராது. வடிக்கும் சாலை ஒன்று தோட்டத்துக்கு அருகிலேயே வேண்டும். தனி விவசாயியால் ஆகாததைக் கூட்டுறவுச் சங்கம் செய்யலாம்.

மங்கலத் தட்டில் வெற்றிலை என்றும் இருக்கட்டும். ஆனால் தட்டை மாத்திரம் நம்பிக் கொடிக்கால் பிழைக்காது. ஆண்டுதோறும் கொடியை இறக்கிக் கட்டத் தெரிந்த ஊர் இது. வியாபாரத்தையும் ஒரு முறை இறக்கிக் கட்டிப் பார்க்கட்டும் என்பதே நமது வேண்டுகோள்.