கேட்கத் தெரிந்த உத்தியோகத்தர்

"கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும்" என்பது எமது ஊர்ப் பழமொழி. அரசாங்க உத்தியோகம் என்றால் நிலையான சம்பளம், ஓய்வூதியம், நாலு பேர் மத்தியில் மதிப்பு. அந்த மதிப்பு எதற்காக என்று நாம் கேட்பதில்லை. புலம்பெயர்ந்து வந்த பின்பும் பிள்ளைகளின் எதிர்காலத்தை இதே தராசில்தான் நிறுத்துப் பார்க்கின்றோம். ஆகவே, அம்மதிப்பின் உச்சியிலிருந்து தாமாகவே இறங்கி வந்த ஒருவரை மாணவச் செல்வங்களுக்கும் பெற்றோர்களுக்கும் அறிமுகம் செய்ய விரும்புகின்றேன்.

அக்தர் ஹமீத் கான் 1914ஆம் ஆண்டு ஆக்ராவிற் பிறந்தவர். 1936இல் இந்திய சிவில் சேவையிற் சேர்ந்து, கேம்பிறிட்ஜிற் பயிற்சி பெற்று, வங்காளத்தில் அதிகாரியாகக் கடமையாற்றினார். 1943ஆம் ஆண்டின் வங்கப் பஞ்சத்தில் இலட்சக்கணக்கான மக்கள் மடிந்தனர். ஆட்சியாளர் அதனைக் கையாண்ட விதம் அவருடைய உள்ளத்தை உலுக்கியது. 1945இல் பதவியைத் துறந்தார். அலிகார் நகருக்கு அண்மையில் ஒரு கிராமத்திலே கூலியாளாகவும் பூட்டுத் தொழிலாளியாகவும் இரண்டாண்டுகள் உழைத்தார். பின்னர் ஆசிரியரானார். 1950இல் பாகிஸ்தானுக்குப் பெயர்ந்து, அன்றைய கிழக்குப் பாகிஸ்தானின் கொமில்லா நகரிற் கல்லூரி அதிபரானார்.

1959இல் அந்நகரில் கிராம அபிவிருத்திப் பயிற்சிக் கழகம் நிறுவப்பட்டபோது அதன் பணிப்பாளர் பொறுப்பை ஏற்றார். அதிகாரி கிராமத்துக்குச் சென்று உபதேசம் செய்துவிட்டுத் திரும்பும் வழக்கத்தை அவர் மாற்றினார். கிராமத்தவர் தாமே தெரிவுசெய்த ஒருவர் வாரந்தோறும் கழகத்துக்கு வந்து பயின்று, ஊர் திரும்பி ஏனையோருக்குக் கற்பித்தார். சிறு கமக்காரர் தவறாது சேமித்தனர். கூட்டுறவுச் சங்கம் அமைத்துக் கடனும் நீர்ப்பாசன வசதியும் பெற்றனர். 1963இல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது.

எல்லாம் வெற்றியாகவே முடிந்தது என்று கூறுவது உண்மையாகாது. திட்டம் பிற இடங்களுக்கு விரைந்து பரவியபோது வசதி படைத்தோர் பல சங்கங்களைத் தம் வசப்படுத்தினர். கடன்கள் திரும்பி வரவில்லை. 1971இல் வங்காளதேசம் தனி நாடானது. கொமில்லாவும் அவரது கையை விட்டுப் போயிற்று. ஆயினும் அவர் சோர்ந்துவிடவில்லை. 1980இல், அறுபத்தைந்து வயதில், கராச்சியின் ஓரங்கி என்னும் குடியேற்றப் பகுதியில் மீண்டும் தொடங்கினார். அங்கு வாழ்ந்தோரிற் பலர் இடம்பெயர்ந்து வந்த ஏழைகள். அவர்களது பெருந்துயர் கழிவுநீர் வடிகால் இன்மை. இருபது முப்பது வீடுகள் கொண்ட ஒவ்வோர் ஒழுங்கையும் தனக்கொரு பொறுப்பாளரைத் தெரிந்து, தானே பணம் சேர்த்து, தானே குழாய் பதித்தது. அவருடைய திட்டத்தினர் அளவை, கருவி, ஆலோசனை ஆகியவற்றை மட்டுமே வழங்கினர். 1999இல் அவர் மறைந்தார்.

இவ்வாழ்க்கை எமக்குச் சொல்வது என்ன? கொடுப்பதற்கு முன் கேள் என்பதே. யான் ஊரிற் படிப்பித்த பாடசாலைக்கு வெளிநாட்டிலிருந்து அன்பர்கள் சிலர் கணினிகள் அனுப்பினர். மின்சாரம் ஒழுங்காக இல்லாதமையால் அவை பெட்டியிலேயே கிடந்தன. பிள்ளைகளுக்கு அப்போது வேண்டியிருந்தது குடிநீர்க் கிணறு. அன்பர்களின் மனம் பெரிது; ஆயினும் எவரும் எம்மிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இன்று எமது ஊர்ச் சங்கங்கள் பல இலட்சம் திரட்டி அனுப்புகின்றன. வளைவும் மண்டபமும் கட்டுமுன், அவ்வூரின் மிக ஏழையான குடும்பத்திடம் எத்தனை சங்கங்கள் கருத்துக் கேட்டன?

மாணவச் செல்வங்களே! உங்களிற் சிலர் நாளை வைத்தியராக, பொறியியலாளராக, அரச அதிகாரியாக எமது கிராமங்களுக்குச் செல்லக்கூடும். அங்கே ஒரு முதிய கமக்காரர் தமது வயலைப் பற்றிப் பேசும்போது, மொழிபெயர்ப்பாளர் இன்றி நீங்கள் அதைக் கேட்க வேண்டும். வார இறுதியில் விளையாட்டையும் உறக்கத்தையும் விட்டு இங்கு வந்து நீங்கள் கற்கும் தமிழ், மேடையிற் பேசிப் பரிசு பெறுவதற்கு மாத்திரமன்று. எளியவர் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்பதற்கும் ஆகும். பெற்றோரே, உங்கள் பிள்ளை எந்தப் பதவிக்கும் உயரட்டும். அப்பதவியிலிருந்து இறங்கி ஒரு திண்ணையில் அமர்ந்து கேட்கவும் அவர்களைப் பழக்குங்கள். உத்தியோகத்துக்கு உண்மையான மதிப்பு அங்கேதான் பிறக்கின்றது.