வலித்தாற் சொல்லுங்கள்

வேர்ச் சிகிச்சைக்கெனப் பல்வைத்தியரின் நாற்காலியிற் சாயும் எம்மவரிற் பலர், வலித்தாலும் பல்லைக் கடித்துப் பொறுத்திருப்பதே பண்பெனக் கருதுகின்றனர். (திறந்த வாயோடு பல்லைக் கடிப்பது எங்ஙனமோ, நாமறியோம்.)

1943 இல் சுவீடனில் உருவான லிடோக்கெயினே இன்றும் பெருவழக்கிலுள்ள விறைப்பு மருந்து. 1976 இல் ஜேர்மனியிற் புழக்கத்துக்கு வந்த ஆர்ட்டிக்கெயின், கீழ்க் கடைவாய்ப் பல்லருகே முரசில் ஏற்றப்படுகையில் அதனை விஞ்சுகின்றது. ஆனால் தாடை நரம்பை மறிக்கும் ஊசியாக மட்டும் இட்டால், அழற்சியுற்ற பல்லில் இரண்டுமே அடிக்கடி தோற்கின்றன. கிளர்ந்த நரம்பு எளிதில் அடங்குவதில்லை. உதடு மரத்துப் போயிருக்கும்; பல்லோ விழித்திருக்கும்.

"விறைத்துவிட்டதா?" என வைத்தியர் வினவ, உதட்டைத் தடவித் தலையசைப்பதே எம்மவர் வழக்கம். இங்குதான் தவறு நேர்கின்றது. துளைக்கையில் வலித்தாற் கையை உயர்த்துவது நோயாளியின் உரிமை. முரசில் ஆர்ட்டிக்கெயினை மேலதிகமாக ஏற்ற வைத்தியரால் இயலும். பல்லைச் சூழ்ந்த நாரிடையிலும் ஊசியிடலாம். அவற்றைச் செய்விப்பதற்கு நாம் வாய்திறந்தாக வேண்டும். மொழி கைவராத முதியோர், "பல் இன்னும் விறைக்கவில்லை" என்ற ஒரு வாக்கியத்தையேனும் அந்நாட்டு மொழியிற் பாடமாக்கிச் செல்லட்டும். இருதய நோயுள்ளோர் அதனையும் முன்கூட்டியே கூறவேண்டும். இவ்வூசிகளில் அதிரினலின் கலந்திருப்பது வழக்கம்.