தேனீயின் நட்டம் யாருடைய நட்டம்?

"தேனீயைப் போல் உழை" என்று நமக்குச் சொல்லாத ஆசிரியை இல்லை. தேர்வு நெருங்கினால் அந்த அறிவுரை இன்னும் பெருகும். ஆனால் அந்தத் தேனீக்கு என்ன நேர்ந்திருக்கிறது, அதை நம்பிப் பிழைக்கும் குடும்பங்கள் எப்படி இருக்கின்றன என்று நாம் எண்ணிப் பார்த்திருக்கிறோமா?

தமிழகத்தில் தேனீ வளர்ப்பு என்றதும் கன்னியாகுமரி மாவட்டத்து மார்த்தாண்டமே நினைவுக்கு வரும். அங்கே 1920களில் ஒய்.எம்.சி.ஏ. நிலையத்தின் மூலம் ஸ்பென்சர் ஹாட்ச் என்பவர் கிராம மக்களிடையே இத்தொழிலைப் பரப்பினார். அதற்கு முன்பே, 1911 முதல் 1917 வரை, அருட்தந்தை நியூட்டன் தென்னிந்தியக் கிராமத்தாருக்குப் பயிற்சி அளித்தார். நம் நாட்டுத் தேனீக்கு ஏற்ற சிறிய பெட்டியையும் வடிவமைத்தார். 'நியூட்டன் பெட்டி' என்று அது இன்றும் வழங்குகிறது. சில பெட்டிகளும், ஒரு புகைப்பானும், தேன் எடுக்கும் கருவியும் இருந்தால் போதும். சொந்த நிலம் இல்லாத குடும்பமும் இத்தொழிலை நடத்தலாம். ரப்பர் மரங்கள் புதுத் தளிர் விடும் ஜனவரி முதல் மார்ச் வரை தேன் பெருகும். மழைக்காலத்தில் பூ இல்லாதபோது சர்க்கரைப் பாகு கொடுத்துத் தேனீக்களைக் காக்க வேண்டும்.

இப்படி நடந்து வந்த தொழிலின்மேல் 1991-92இல் பேரிடி விழுந்தது. 'தாய் சாக்புரூடு' என்னும் வைரஸ் நோய் தென்னிந்தியாவில் பரவியது. புழுப் பருவத்திலேயே குஞ்சுகள் பைபோல் ஆகி இறந்தன. அதற்கு மருந்து இல்லை. கேரளத்திலும் குமரியிலும் பெரும்பாலான பெட்டிகள் வெறுமையாயின. தேனை நம்பியிருந்த வீடுகளில் அடுப்பு எப்படி எரிந்திருக்கும்?

சிலர் இத்தாலியத் தேனீக்கு மாறினர். அது தேன் மிகுதியாகத் தரும். ஆனால் தீவனச் செலவும் மிகுதி, உண்ணித் தொல்லையும் உண்டு. வேறு சிலர் நோயிலும் பிழைத்து நின்ற நாட்டுத் தேனீக் கூட்டங்களைத் தேடிப் பிடித்து, பிரித்துப் பிரித்துப் பெருக்கினர். நாட்டுத் தேனீ மீண்டு வந்தது இந்தப் பொறுமையால்தான்.

நோய் இயற்கையால் வந்தது. மனிதரால் வரும் கேட்டுக்கு என்ன சொல்வது? பூத்து நிற்கும் பயிரில் காலை வேளையில் பூச்சிமருந்து தெளித்தால், தேனெடுக்கப் போன தேனீ வீடு திரும்பாது. சூரியகாந்தியிலும் கொத்தமல்லியிலும் மணி பிடிக்கத் தேனீ உதவுகிறது. விளைச்சலின் இலாபம் நிலக்காரருக்கு. பெட்டி காலியானால் நட்டம் மட்டும் தேனீ வளர்ப்பவருக்கு! இது நியாயமா? தேனீ இருவருக்கும் உழைக்கிறது என்றால் அதைக் காக்கும் பொறுப்பும் இருவருக்கும் உண்டு என்பதே நம் கருத்து.

"நம் பக்கம் பட்டாசும் தீப்பெட்டியும்தானே பிழைப்பு? தேனீ நமக்கு எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். ஒரே தொழிலை நம்பிய ஊர் படும் பாட்டை அறிய நாம் வெளியூர் போக வேண்டியதில்லை. 2018இல் பட்டாசுக்கு உச்ச நீதிமன்றம் கட்டுப்பாடுகள் விதித்தபோது சிவகாசியில் எத்தனை வீடுகள் கலங்கின! மேலும் விருதுநகர் மாவட்டம் பட்டாசு மட்டுமன்று. கரிசல் காட்டில் பருத்தியும் சூரியகாந்தியும் உண்டு. இராஜபாளையம் பக்கம் மாவும் தென்னையும் உண்டு. தேனீ பட்டாசுக்கு மாற்றாகிவிடாது. வறண்ட மாதங்களில் பெட்டிகளைப் பூ இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோகவும் வேண்டும். ஆனாலும் வீட்டுப் பெண்கள் கொல்லையில் இரண்டு பெட்டி வைத்தால், கைச்செலவுக்காவது பிறரை எதிர்பார்க்க வேண்டியிராது.

கலப்படமும் இக்குடும்பங்களை நலியச் செய்கிறது. 2020இல் டில்லியிலுள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 13 நிறுவனங்களின் தேனைச் சோதித்தது. எல்லாச் சோதனைகளிலும் தேறியவை 3 மட்டுமே. சர்க்கரைப் பாகோடு விலையில் போட்டியிட உண்மைத் தேனால் முடியுமா? நாமோ, உறைந்த தேனைக் கண்டால் கலப்படம் என்று ஒதுக்குகிறோம். நல்ல தேனும் உறையும் என்பதை நம் தாய்மார்கள் அறிய வேண்டும்.

தோழியரே! நம்மில் பலர் விவசாயிகளின் மகள்கள். பூக்கும் காலத்தில் மருந்தைத் தவிர்க்கவும், தவிர்க்க முடியாவிட்டால் தேனீ கூடடைந்த பின் மாலையில் தெளிக்கவும், பக்கத்தில் பெட்டி வைத்திருப்பவருக்கு முதல் நாளே சொல்லி அனுப்பவும் நம் வீட்டாரிடம் கேட்போம். இதற்குக் காசு செலவில்லை. பள்ளித் தோட்டத்தில் ஒரு பெட்டி வைக்க அருட்சகோதரியரையும் வேண்டுவோம்.

பாஸ்கா இரவில் மெழுகுதிரியின் முன் பாடப்படும் புகழுரை, தேனீயின் உழைப்பையும் மறவாமல் சொல்கிறது. கோவிலில் நினைக்கும் நன்றியை வயலிலும் காட்டுவோமாக!

— பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி