கம்பியை முறுக்கும் முன் ரிம்மைப் பாருங்கள்



பிளஸ் 1-ல் அரசு கொடுத்த சைக்கிள் பேத்தியுடையது. பின்சக்கரம் ஆடியது. இரண்டு முறை கடையில் கம்பியை முறுக்கிக் கோட்டம் எடுத்தோம், மறுபடி ஆடியது. நேற்று டயரைக் கழற்றிப் பார்த்தேன். நிப்பிள் துளை இரண்டில் மயிரிழை விரிசல்!

கோட்டம் என்றாலே கம்பியை முறுக்குவது தவறு என்பேன். கோட்டமுள்ள இடத்துக் கம்பிகளைத் தளர்த்திச் சுற்றிப் பாருங்கள். ரிம் நேரானால் குறை கம்பி இறுக்கத்தில். அப்போதும் வளைந்தே நின்றால் ரிம் கெட்டுவிட்டது. துளையோரம் விரிசலோ, அரித்த துருவோ இருந்தால் ரிம்மை மாற்றியே ஆகவேண்டும். அதில் மேலும் முறுக்கினால் விரிசல் வளரும்.

ஏரியூர்ப் பக்கத்து இறக்கங்களில் பிள்ளைகள் வேகமாக வருகிறார்கள். ரிம் விலையைப் பார்க்காதீர்கள். இந்த ஞாயிறே பாருங்கள்.