திரும்பி வருவதற்கு ஒரு சீட்டு

அட்டனில் உயர்தர வகுப்பிற் பயிலும் மாணவர் ஒருவர் அண்மையில் ஒரு சந்தேகத்துடன் என்னை நாடி வந்தார். அவருடைய அப்பாயியின் தங்கை நீலகிரியிலே, கோத்தகிரிக்கு அருகில் வாழ்கிறார். அந்த வீட்டில் ஒரு கலியாணம். அப்பாயியை அழைத்துச் சென்று வரவேண்டுமென்பது குடும்பத்தாரின் விருப்பம்.

"ஐயா, திரும்பி வருவதற்கான டிக்கட்டை முன்கூட்டியே வாங்கிக் காட்டினால்தான் உல்லாசப் பிரயாண விசா கிடைக்குமாமே! வாங்கிய பிறகு விசா மறுக்கப்பட்டால் அந்தப் பணம் என்னாவது?" என்று அவர் கேட்டார்.

கேள்வி சிறியதுதான். ஆயினும், கொழுந்தெடுத்த கூலியில் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தைக் கொண்டு பிரயாணம் செய்யும் குடும்பத்திற்கு, வீணாகும் ஒரு டிக்கட் பெரும் நட்டமாகும். ஆகவே விடையைச் சற்று விளக்கமாகவே கூறுவோம்.

பிற தேசம் செல்லும் பிரயாணி மூன்று வாயில்களைக் கடக்க வேண்டும். விசா வழங்குவோர் முதல் வாயில். புறப்படும் விமான நிலையத்தில், விமானக் கம்பெனியின் உத்தியோகத்தர் இரண்டாம் வாயில். போய் இறங்கும் நாட்டின் குடிவரவு அதிகாரி மூன்றாம் வாயில். இம்மூவரும் ஒரே வேளையில் ஒரே பத்திரத்தைக் கேட்பதில்லை. இதை உணராமையாலேயே பலருக்கு மயக்கம் உண்டாகிறது.

இந்தியாவையே எடுத்துக்கொள்வோம். 2015ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் திகதி, சித்திரைப் புத்தாண்டு நாளிலிருந்து, இலங்கையர் இணைய வழியாக இந்தியச் சுற்றுலா அனுமதி பெறும் வசதி ஏற்பட்டது. அவ்விண்ணப்பத்துடன் சேர்க்க வேண்டியவை புகைப்படமும், கடவுச்சீட்டில் விபரங்கள் உள்ள பக்கமுமே. ஆனால், பிரயாணியிடம் திரும்பி வரும் டிக்கட்டோ, வேறொரு நாட்டிற்கு மேற்செல்லும் டிக்கட்டோ இருக்க வேண்டுமென்றும், தங்கும் நாட்களுக்குப் போதிய பணம் இருக்க வேண்டுமென்றும் அதே விதிகள் கூறுகின்றன. அதாவது, டிக்கட் தேவைதான். பிரயாண வேளையில் அது கையில் இருக்க வேண்டும்.

நம் நாட்டின் வழக்கமும் இதனை ஒத்ததே. 2012 முதல் நடைமுறையில் உள்ள இணையவழிப் பிரயாண அனுமதியைப் பெற்று வருவோர், நாட்டினுள் நுழையும் இடத்தில், ஆறு மாதங்களுக்குக் குறையாத ஆயுளுள்ள கடவுச்சீட்டும், திரும்பிச் செல்லும் டிக்கட்டும், செலவுக்குப் பணமும் உடையவராய் இருக்க வேண்டும். கோத்தகிரி உறவினர் அட்டனுக்கு வந்தாலும் இதே நிபந்தனைதான்.

வேறு நாடுகளில் வேறு விதம். சிங்கப்பூருக்குக் குறுகிய காலம் சென்று வர இலங்கையருக்கு விசாவே வேண்டியதில்லை. ஆனால் திரும்பும் டிக்கட்டோ மேற்செல்லும் டிக்கட்டோ இல்லாமல் நுழைவது கடினம். ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகள் விசா விண்ணப்பத்தின்போதே பிரயாண ஏற்பாட்டைக் கேட்பதுண்டு. அதற்கு டிக்கட்டின் முன்பதிவே போதுமானது என்பதை அவர்களுடைய விதிகளே ஏற்கின்றன. அமெரிக்காவோ, விசா கைக்கு வரும் முன்னர் டிக்கட் வாங்க வேண்டாம் என்றே விண்ணப்பதாரருக்கு அறிவுரை கூறுகின்றது.

விமானக் கம்பெனிக்காரர் ஏன் இதில் தலையிட வேண்டுமென்று சிலர் சினங்கொள்வதுண்டு. காரணம் இருக்கிறது. 1944ஆம் ஆண்டிற் சிக்காகோ நகரிற் கைச்சாத்தான சர்வதேச விமானப் போக்குவரத்து உடன்படிக்கையின் 9ஆம் இணைப்பின்படி, பிரயாணியிடம் உரிய பத்திரங்கள் உள்ளனவா என்று ஏற்றும் இடத்திலேயே பார்ப்பது விமானக் கம்பெனியின் பொறுப்பு. இறங்கிய நாடு ஒருவரை ஏற்க மறுத்தால், அவரைத் திருப்பி ஏற்றிச் செல்லும் சுமையும் அக்கம்பெனியையே சேரும். பல நாடுகள் அபராதமும் விதிக்கின்றன. எனவேதான் விசா இருந்தும், டிக்கட் இல்லாதவரைக் கட்டுநாயக்காவிலேயே நிறுத்திவிடுகிறார்கள்.

இவ்வளவும் சட்டத்தின் விளக்கம். 'இவர் திரும்பிப் போவாரா?' என்ற ஐயமே இந்த டிக்கட்டைக் கேட்கத் தூண்டுகிறது. அந்த ஐயத்தை மலைநாட்டு மக்களைப்போல் அனுபவித்தவர் குறைவு.

நம் முன்னோர் மண்டபம் முகாமைக் கடந்து தலைமன்னாரில் வந்திறங்கிய காலத்தில், அவர்களிடம் யாரும் திரும்பும் சீட்டைக் கேட்கவில்லை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர்கள் பெற்றதெல்லாம் சேரவேண்டிய தோட்டத்தைக் காட்டும் குறியும் இலக்கமும் பொறித்த ஒரு தகர வில்லைதான். அதுவே அவர்களுடைய பிரயாணச் சீட்டு. வழிச்செலவு அவர்கள் பெயரிற் கடனாக ஏறியது.

பின்னர் 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களுள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964 அக்டோபர் 30ஆம் திகதி சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானபோது, 9,75,000 பேர் கணக்கில் எடுக்கப்பட்டனர். 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேரை இரு நாடுகளும் சரிபாதியாக ஏற்பதென 1974இல் உடன்பாடு ஏற்பட்டது. மலைநாட்டிலிருந்து அவர்களைத் தலைமன்னாருக்கு ஏற்றிச் சென்ற வண்டியை மக்கள் 'அழுகைக் கோச்சி' என்றார்கள். அங்கிருந்து கப்பலேறி இராமேஸ்வரம் சென்றார்கள். 1984இல் அந்தக் கப்பலும் நின்றுவிட்டது. தாயகம் திரும்பியோருக்கு வேலை கொடுப்பதற்கென 1968இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டங்களில், கூடலூர், கோத்தகிரிப் பக்கங்களில், பலர் மீண்டும் கொழுந்தே பறித்தார்கள். அந்த மாணவரின் சின்ன அப்பாயியும் அவ்விதம் போனவரே.

அன்று போகும் சீட்டை மட்டும் கையிற் கொடுத்தார்கள். இன்று திரும்பும் சீட்டைக் கேட்கிறார்கள். இக்கேள்வி பெரியவர்களின் மனத்தைத் தைப்பதில் வியப்பில்லை. எனினும் இதனை அவமதிப்பாக எண்ண வேண்டியதில்லை. நம்மிடம் மட்டுமன்றி, உலகின் எல்லாப் பிரயாணிகளிடமும் கேட்கப்படும் கேள்வி இது.

இனி, செய்ய வேண்டியவற்றை வரிசைப்படுத்துவோம். முதலிற் கடவுச்சீட்டின் ஆயுளைப் பாருங்கள். தோட்டங்களிற் பிறந்த முதியோரின் பெயர் ஒவ்வொரு பத்திரத்தில் ஒவ்வொரு விதமாக எழுதப்பட்டிருப்பதுண்டு. கடவுச்சீட்டில் உள்ள எழுத்துக்களே விசாவிலும் டிக்கட்டிலும் இருக்க வேண்டும். அடுத்து விசாவுக்கு விண்ணப்பியுங்கள். இணையவழி விசாவுடன் இந்தியாவிற் குறிப்பிட்ட நிலையங்களில் மட்டுமே இறங்கலாம். சென்னை, திருச்சி, கோயம்புத்தூர் ஆகிய விமான நிலையங்கள் அவற்றுள் அடங்கும். அனுமதி கிடைத்த பின்னரே போக வர இரண்டிற்கும் சேர்த்து டிக்கட் வாங்குங்கள். முன்னரே கேட்கும் நாடாயின் முன்பதிவு செய்யுங்கள். அல்லது பணத்தைத் திருப்பித் தரும் டிக்கட்டாகப் பார்த்து வாங்குங்கள். சிறு தொகைக்குப் போலி டிக்கட் அச்சிட்டுத் தருவோரும் உளர்; அவர்கள் பக்கம் தலைவைத்தும் படுக்க வேண்டாம். ஒருமுறை பொய்ப் பத்திரம் காட்டிப் பிடிபட்டவர், பின்னர் மெய்ப் பத்திரம் காட்டினாலும் நம்புவார் இல்லை. விதிகள் அடிக்கடி மாறுவன; ஆதலால் புறப்படுமுன் கொழும்பிலோ கண்டியிலோ உள்ள இந்தியத் தூதரக அலுவலகத்தின் அறிவித்தலைப் பார்த்துக்கொள்வது நன்று.

இவற்றையெல்லாம் குறித்துக்கொண்டு போன மாணவர், அடுத்த கிழமை மறுபடியும் வந்தார். விசா கிடைத்துவிட்டதாம், இருவருக்கும் திருச்சி வழியாகப் போக வர டிக்கட்டும் எடுத்தாயிற்றாம். டிக்கட்டை அச்சிட்டு அப்பாயியின் கையிற் கொடுத்தபோது, எது போகிற சீட்டு, எது வருகிற சீட்டு என்று அந்த மூதாட்டி கேட்டிருக்கிறார். காட்டியவுடன், வருகிற சீட்டைத் தனியாக மடித்து முந்தானையில் முடிந்துகொண்டாராம்.

"தங்கச்சி கோச்சி ஏறின அன்னைக்கு, இப்படி ஒண்ணு அவ கையிலயும் இருந்திருந்தா, நான் அம்புட்டு அழுதிருக்க மாட்டேன் ஐயா" என்றாராம்.

கலியாணம் அடுத்த மாதம். தங்கைக்குக் கொடுப்பதற்கென்று, தம் கையாற் பறித்த தோட்டத்துத் தேயிலையில் ஒரு பொட்டலம் இப்போதே கட்டி வைத்திருக்கிறாராம்.