காத்திருப்பவரே கேள்வியைத் தெரிவு செய்யட்டும்

வைத்தியசாலை இருப்பது ஒன்று. அதன் வாசலை அடைய முடிவது வேறொன்று. இடம்பெயர்ந்து அலைந்த எவருக்கும் இதனை விளக்கத் தேவையில்லை. ஆனால் இந்த வேறுபாட்டை உணர்ந்துகொள்ள, செல்வம் மிகுந்த ஐக்கிய அமெரிக்காவுக்கே பல ஆண்டுகள் பிடித்தன. அந்நாட்டின் முன்னாள் படைவீரர்களுக்கு நேர்ந்ததை நாம் அறிந்திருப்பது நல்லது. அவர்களுள் ஏறத்தாழ நாலில் ஒருவர் கிராமப்புறத்தில் வாழ்பவர்.

முன்னாள் படைவீரர்களுக்கென அங்கு அரசே வைத்தியசாலைகளை நடத்துகின்றது. புதிய நோயாளர் ஒருவரை 14 நாட்களுக்குள் வைத்தியர் பார்க்க வேண்டுமென ஒரு காலத்தில் இலக்கு வைக்கப்பட்டது. நிர்வாகிகளின் வேலை மதிப்பீடும் அந்த இலக்கோடு பிணைக்கப்பட்டது. விளைவு என்ன? 2014இல் அரிசோனா மாநிலத்தின் பீனிக்ஸ் நகரில் 226 நோயாளரின் பதிவுகளைப் பரிசோதகர்கள் ஆராய்ந்தார்கள். அவர்கள் முதல் தடவை வைத்தியரைக் காணச் சராசரியாக 24 நாட்கள் காத்திருந்ததாக அறிக்கை சொன்னது. உண்மையில் காத்திருந்ததோ 115 நாட்கள். மேலும் 1,700 பேர் உத்தியோகபூர்வக் காத்திருப்போர் பட்டியலிலேயே இருக்கவில்லை. பொறுப்பாயிருந்த அமைச்சர் எரிக் ஷின்செக்கி அந்த மே மாதமே பதவி விலகினார்.

அதே ஆண்டு ஓகஸ்டில் புதிய சட்டம் வந்தது. 30 நாட்களுக்கு மேல் காத்திருக்க நேர்பவரும், அரச சிகிச்சை நிலையத்திலிருந்து 40 மைலுக்கு அப்பால் வாழ்பவரும் அரச செலவில் தனியார் வைத்தியரிடம் செல்லலாம் என்றது அச்சட்டம். நல்லதுதான். ஆனால் அந்த 40 மைலை முதலில் எப்படி அளந்தார்கள்? வரைபடத்தில் நேர்கோடு போட்டு அளந்தார்கள்! மலையையும் ஆற்றையும் சுற்றிச் செல்லும் வீதி கணக்கில் வரவில்லை. 2015இலேயே வீதித் தூரத்துக்கு மாறினார்கள். 2019 யூன் மாதத்தில்தான் தூரத்தை விட்டுப் பிரயாண நேரத்தை அளவுகோலாக்கினார்கள்: சாதாரண வைத்தியத்துக்கு 30 நிமிடம், விசேட வைத்தியத்துக்கு 60 நிமிடம். பறவை பறக்கும் வழியில் நோயாளி போக முடியாது என்பதை, தூரத்துக் கிராமத்து முன்னாள் படைவீரர் ஒருவரிடம் கேட்டிருந்தால் முதல் நாளே சொல்லியிருப்பார்.

இங்கேதான் எமது கருத்தைச் சொல்ல விரும்புகின்றோம். ஆய்வுக்கான பணமும் ஆட்களும் எங்கும் மட்டுப்பட்டவையே. எனவே எதை முதலில் ஆராய்வது என்ற தீர்மானம் மிக முக்கியமானது. அத்தீர்மானத்தைக் காரியாலயத்தில் இருப்பவர் மட்டும் எடுத்தால், காரியாலயத்துக்கு அளக்க இலகுவானதே முதலிடம் பெறும். காத்திருப்பவரும் அமர்ந்து எடுத்தால் வேறு கேள்விகள் எழும். வைத்தியசாலைக்கு வராமலே விட்டவர்கள் யார், ஏன் வரவில்லை? மனநோய்க்குச் சிகிச்சை பெற வெட்கப்படுபவரை எவ்வாறு அணுகுவது? வெளி வைத்தியரிடம் அனுப்பப்பட்டவரின் பதிவுகள் திரும்பி வருகின்றனவா? தனியார் வைத்தியரும் இல்லாத கிராமத்தில் அந்த உரிமையால் என்ன பயன்? தொலைபேசித் திரையில் வைத்தியரைக் காணலாம் என்கிறார்கள்; அதற்கான இணைப்பு இல்லாத வீட்டுக்கு என்ன வழி?

"ஆய்வு என்பது படித்தவர்களின் வேலை, நோயாளிக்கு அதில் என்ன தெரியும்?" என்று சிலர் கேட்பர். ஆய்வு முறை அறிஞருக்குரியதுதான், அதை மறுக்கவில்லை. ஆனால் எங்கே நோகிறது என்பதை நோயாளியே அறிவார். இது நடைமுறைக்கு ஒவ்வாத ஆசையுமன்று. பிரித்தானியாவில் 2004இல் ஆரம்பிக்கப்பட்ட ஜேம்ஸ் லின்ட் கூட்டமைப்பு, நோயாளரையும் பராமரிப்போரையும் வைத்தியரையும் ஒரே மேசையில் இருத்தி, முதலில் ஆராய வேண்டிய 10 கேள்விகளைத் தெரிவு செய்விக்கின்றது.

அந்தப் பெயரிலும் ஒரு பாடம் உண்டு. ஜேம்ஸ் லின்ட் ஒரு கடற்படை வைத்தியர். 1747இல் ஈறு வீங்கி உடல் தளர்ந்த 12 மாலுமிகளை இவ்விருவராகப் பிரித்து வெவ்வேறு மருந்துகள் கொடுத்துப் பார்த்தார். தோடம்பழமும் எலுமிச்சம்பழமும் உண்ட இருவரே விரைவில் தேறினர். ஆயினும் பிரித்தானியக் கடற்படை தன் மாலுமிகளுக்கு எலுமிச்சஞ் சாறு வழங்க உத்தரவிட்டது 1795இல்தான். மருந்தைக் கண்டுபிடித்தாயிற்று, அது மாலுமியின் கைக்குப் போய்ச் சேர 48 ஆண்டுகள். மருந்து ஏன் போய்ச் சேரவில்லை என்பதும் மருந்தைப் போலவே ஆராயப்பட வேண்டிய விடயம்.

எம்மிடமும் கேள்விப் பத்திரங்களோடு பலர் வருவதுண்டு. குடும்பத்தில் எத்தனை பேர், கிணறு எத்தனை என்று எழுதிச் செல்வார்கள். பொறுமையோடு பதில் சொல்வோம். ஆனால் இனி நாமும் ஒன்று கேட்போம்: "இந்தக் கேள்விகளைத் தெரிவு செய்தது யார்? எங்கள் கேள்வி ஒன்றையும் சேர்த்துக் கொள்வீர்களா?"